கழுகுகள் ஏன் வரவில்லை?

மறைக்கல்வி வகுப்பு முடிந்த ஒரு ஞாயிறன்று, கோவில் முற்றத்து வேப்பமர நிழலில் இளைஞர் சிலர் உரத்த குரலில் வாதிட்டுக்கொண்டிருந்தனர். திருவிழாக் கணக்கில் ஏதோ சிக்கல் போலும் என்றெண்ணி அருகே சென்றோம். அவர்களைப் பிரித்திருந்தது ஒரு திரைப்படம். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்னும் மூன்று பாகப் படத்தின் இறுதியில், எரிமலைச் சரிவில் சாகக் கிடக்கும் ஃபுரோடோவையும் சாமையும் பெருங்கழுகுகள் பறந்து வந்து தூக்கிச் செல்கின்றன. "கடைசியில் வர முடிந்த கழுகுகள் முதலிலேயே வந்திருந்தால், மோதிரத்தை எரிமலையில் போட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாமே, ஃபாதர்! எதற்கு இத்தனை நடை, இத்தனை சாவு?" என்று ஒருவன் நம்மிடமே நீதி கேட்டான்.

பீட்டர் ஜாக்சன் இயக்கி 2001 முதல் 2003 வரை வெளிவந்த அப்படங்களின் ரசிகர்கள் உலகெங்கும் இக்கேள்வியை எழுப்பி வருகின்றனர். கதையில் ஓட்டை தேடும் இவ்வழக்கத்தை வீண்பொழுது என்று நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. அன்பு செய்யாத கதையில் எவரும் ஓட்டை தேடுவதில்லை. மூலநூலின் ஆசிரியர் டோல்கீன், 1939-இல் ஸ்காட்லாந்தில் நிகழ்த்திய ஓர் உரையில், கதை படைக்கும் மனிதன் இறைவனின் படைப்புச் செயலில் பங்குபெறும் துணைப்படைப்பாளன் என்றும், அவன் படைக்கும் உலகு தன்னளவில் முரணின்றி நிற்க வேண்டும் என்றும் விளக்கினார். ஒழுங்கைத் தேடும் வேட்கை, ஒழுங்கின் ஊற்றானவரின் சாயலில் படைக்கப்பட்ட உள்ளத்திற்கே உரியது.

ஓட்டைகள் சிலவேளை வியத்தகு முறையில் நிறைவு பெறுவதும் உண்டு. 1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில், ஒரு கோளையே தகர்க்கவல்ல விண்கோட்டை, இரண்டு மீட்டர் அகலமே உள்ள ஒரு துளையின் வழியே எய்யப்பட்ட குண்டினால் வெடித்துச் சிதறுகிறது. இத்துணைப் பெரிய கோட்டைக்கு இத்துணை எளிய பலவீனமா என்று ரசிகர்கள் நகைத்தனர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்து, 2016-இல் 'ரோக் ஒன்' என்னும் படம் அதன் முன்கதையைச் சொல்லிற்று. கொடுங்கோலரால் கட்டாயப்படுத்தப்பட்ட பொறியாளர் ஒருவர், நீதியின் பொருட்டு அந்தப் பலவீனத்தை வேண்டுமென்றே கோட்டைக்குள் மறைத்து வைத்தாராம். கதைக் குறை ஒன்று தியாகமாக மாறிற்று. பாஸ்கா இரவில் ஆதாமின் குற்றத்தையும் பேறாகக் கண்டு பாடும் திருச்சபையின் பிள்ளைகளுக்கு இது புரியாத செய்தியன்று.

ஆயினும் இவ்வேட்கை நோயாகவும் மாறும். 2017-இல் 'தி லாஸ்ட் ஜெடை' வெளிவந்தபோது, அக்கதைப்போக்கு பிடிக்காத ரசிகர் சிலர் அப்படத்தையே கதைவரிசையிலிருந்து நீக்கிவிட வேண்டும் எனக் கையொப்பம் திரட்டினர். அதில் நடித்த கெல்லி மேரி டிரான் என்னும் வியட்நாமிய வம்சாவளிப் பெண்மீது இனவெறியும் பெண்ணிழிவும் கலந்த வசைகள் மாதக்கணக்கில் பொழியப்பட்டன. 2018-இல் அவர் தம் சமூக வலைத்தளப் பதிவுகளை அழித்துவிட்டு ஒதுங்கினார். கற்பனைப் பாத்திரத்தின் மீதிருந்த சினம், இரத்தமும் சதையுமான ஒரு சகோதரியின் மீது பாய்ந்தது. கதைமீது கொண்ட அன்பு அயலார்மீது வெறுப்பைப் பிறப்பிக்குமாயின், அங்கு அன்பு இல்லை. நாம் விரும்பியவாறு கதை நடக்கவில்லையே என்னும் ஆணவமே அங்கு அன்பின் முகமூடி அணிந்து நிற்கிறது.

இனிக் கழுகுகளிடம் திரும்புவோம். பகைவனின் கண் வானத்தைக் காத்திருந்தது. கழுகுகள் எவருக்கும் ஏவலர் அல்ல. இவ்வாறு ரசிகர் பலர் விடை கூறுவர். இவை பொருத்தமானவையே. எனினும், கழுகுகள் தூக்கிச் சென்றிருந்தால் நாம் எதை இழந்திருப்போம் என்று கேட்டுப் பார்ப்போம். நெடுவழி நடந்து எரிமலையை அடைந்த ஃபுரோடோ, இறுதி நொடியில் மோதிரத்தை எறிய மறுத்து, அது தனதே என்கிறான். அவன் வலிமை அங்கே தோற்றுவிடுகிறது. கொல்லத் தகுந்தவன் எனப் பலரும் கருதிய, ஆனால் இரக்கத்தால் உயிரோடு விடப்பட்ட கோல்லும் மோதிரத்தைப் பறித்து, அதனோடு நெருப்பில் வீழ்கிறான். என்றோ காட்டிய இரக்கமே உலகைக் காத்தது. அந்த இரக்கம் கால்நடையாக மட்டுமே வந்து சேர முடியும்; கழுகின் முதுகில் அதற்கு இடமில்லை.

டோல்கீன் கத்தோலிக்கர், தம் படைப்பு அடிப்படையில் சமயம் சார்ந்தது, கத்தோலிக்கமானது என்று 1953-இல் இயேசு சபை நண்பர் ஒருவருக்கு எழுதினார். நூலில் மோதிரம் அழியும் நாள் மார்ச் 25. அது மங்கள வார்த்தைத் திருநாள். பழைய மரபொன்றின்படி ஆண்டவர் சிலுவையில் மரித்த நாளும் அதுவே.

ஆம், கழுகுக் கேள்வி கெத்சமனியில் முன்னரே எழுந்த கேள்விதான். வாளை உருவிய சீடரிடம், தந்தையை வேண்டினால் பன்னிரு படைப்பிரிவுகளுக்கும் மேலான வானதூதரை அவர் அனுப்பமாட்டாரா என்று இயேசுவே வினவியதாக மத்தேயு எழுதுகிறார். படைகள் இருந்தன, அழைப்பு எழவில்லை. சிலுவையிலிருந்து இறங்கி வா என்று ஏளனம் செய்தவர்களும் கதையின் ஓட்டையையே சுட்டிக்காட்டினர்.

எனினும், இவ்விடையை அவசரமாக நீட்டிவிடக் கூடாது. மகனை விபத்தில் பறிகொடுத்த தாய் ஒருத்தி, அடக்கச் சடங்கு முடிந்த மாலையில், "கடவுள் நினைத்திருந்தால் தடுத்திருக்கலாமே, சாமி" என்று நம்மிடம் கேட்டதுண்டு. அவளுக்கு நாம் விளக்கம் எதுவும் சொல்லவில்லை, அவளருகே அமர்ந்திருந்தோம். அவளது துயரம், அடுத்த பாகத்தில் அடைத்துவிடக்கூடிய கதை ஓட்டையன்று. தூரத்திலிருந்து கதைக்கு நியாயம் சொல்லுகிறவர்கள் யோபுவின் நண்பர்களாவர். அத்தாயின் பாதையில் தாமும் கால்நடையாய் வந்த இறைவனை மட்டுமே நாம் அவளுக்குக் காட்ட முடியும்.

உயிர்த்த ஆண்டவரும் தம் முந்திய பாகத்தை அழித்துவிடவில்லை. மகிமையுற்ற உடலிலும் ஆணிகளின் தழும்புகளைச் சுமந்தே வந்தார். ஐயுற்ற தோமாவை அவர் விரட்டவில்லை. தழும்பைக் காட்டி, விரலை இடுமாறு அழைத்தார். கேள்வி கேட்பது குற்றமன்று. கேள்வியோடு காயத்தின் அருகே வருவதே நம்பிக்கை.

அன்று அந்த இளைஞனிடம், "கழுகுகள் கடைசியில் வந்தனவே, தம்பி, அதுவரை சாம் எங்கே இருந்தான்?" என்று கேட்டோம். "ஃபுரோடோவைத் தோளில் தூக்கிக்கொண்டு மலை ஏறினான், ஃபாதர்" என்றான். நமது வேலையும் அதுவே.