கட்டுரையில் எழுதுவது பொய்யாகுமா?

பூந்தமல்லியில் மாலை மக்தபுக்கு ஓத வரும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் பள்ளிக் கட்டுரை ஏட்டை நம்மிடம் நீட்டினாள். ‘நான் சென்ற சுற்றுலா’ என்பது தலைப்பு. மாமல்லபுரத்துக் கடற்காற்றும் கற்சிற்பங்களும் செந்தமிழில் வருணிக்கப்பட்டிருந்தன. “நான் மாமல்லபுரம் போனதே இல்லை, ஹஜ்ரத். நோட்ஸைப் பார்த்து எழுதினேன். பத்துக்கு ஒன்பது மதிப்பெண். இது பொய்யில் சேருமா?” என்றாள்.

மேலும் விசாரித்தோம். நாணயம் தன் கதையைத் தானே கூறுவதாக எழுதும் கற்பனைக் கட்டுரையில் அவளுக்கு உறுத்தல் இல்லை, மகிழ்ச்சியே. விவாதக் கட்டுரை என்றால் அச்சம். தான் ஒப்பாத பக்கத்துக்கும் நியாயம் எழுத வேண்டியிருக்கிறதே! சுற்றுலாக் கட்டுரையை நினைத்தால் மட்டும் வெட்கம்.

முதலாவதற்கு, மதரஸாக்களில் நாம் ஓதிய மகாமாத்தே விடை கூறும். ஹரீரி (1054–1122) புனைந்த ஐம்பது மகாமாக்களிலும் அபூஸைது என்னும் சொல்வல்ல எத்தன் உலவுகிறான். இதைக் குறை கூறுவோருக்கு முன்னுரையிலேயே ஹரீரி விடையிறுத்துவிட்டார்: விலங்குகளும் உயிரற்ற பொருள்களும் பேசும் கதைகளை அறிஞர் யாரும் பழித்ததில்லை, செயலுக்கு நிய்யத்தே அளவுகோல் என்பது அவர் வாதம். நாணயம் பேசாது என்பதை எழுதுபவரும் அறிவார், படிப்பவரும் அறிவார். அங்கே ஏமாறுபவர் எவருமில்லை.

விவாதக் கட்டுரைக்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களைக் காட்டினோம். தத்துவவாதிகளை மறுக்கப் புகுமுன், அவர்கள் கொள்கைகளை ‘மகாஸிதுல் ஃபலாஸிஃபா’வில் திரிக்காமல் எடுத்துரைத்தார்கள். லத்தீனில் அதைப் படித்த ஐரோப்பியர் பலர், இமாமவர்களையே அக்கொள்கையினர் என்று எண்ணிவிட்டனர்! அவ்வளவு நேர்மையான எடுத்துரைப்பு. பிறர் கருத்தை அவர் ஒப்பும்படி சொல்வது அமானிதம். அது நம் நம்பிக்கையை விற்பதாகாது.

சுற்றுலாக் கட்டுரைதான் நம்மைத் தயங்க வைத்தது. திருத்தும் ஆசிரியருக்கும் உண்மை தெரியும்; முப்பது ஏடுகளில் ஒரே கடற்காற்று வீசினால் தெரியாமலா போகும்? ஆகவே அதைப் பொய்ச்சாட்சியத்தோடு சேர்க்க நமக்கு மனமில்லை. எனினும் ‘நான்’ என்று தொடங்கி, தான் காணாததைக் கண்டதாக எழுதப் பழகும் பிள்ளை, தன் கண் கண்டது எழுதத் தகாதது என்றல்லவா எண்ணிக்கொள்கிறது? பிறரை ஏய்ப்பது ஒருபுறமிருக்க, தன் வாழ்வைத் தானே மறுக்கும் அந்தப் பழக்கம் நம்மை அஞ்சச் செய்கிறது.

இதில் நாமும் குற்றவாளியே. மீலாது மேடைப் பேச்சுப் போட்டிக்கு எத்தனையோ பிள்ளைகளுக்கு ‘என் உள்ளம் உருகுகிறது’ என்று எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்வித்திருக்கிறோம். உருகியது எவர் உள்ளம் என்று ஒருமுறையேனும் கேட்டதில்லை. பரிசு கிடைத்ததில் நமக்கும் பெருமையாகவே இருந்தது.

“மாமல்லபுரம் போகாவிட்டால் என்ன, போன இடத்தை எழுது” என்று சொல்லி அனுப்பினோம். மதிப்பெண் குறையுமே என்றாள். குறையலாம் என்பதை நாம் மறைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து மீண்டும் ஏட்டைக் கொணர்ந்தாள். அத்தாவின் வண்டியில் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குச் சென்ற ஒரு மாலை. முக்கால் பக்கம், இரண்டு சந்திப்பிழை, வழியில் வண்டி நின்றுபோனதும் அத்தா அதைத் தள்ளிக்கொண்டு நடந்ததும் இருந்தன. மதிப்பெண் ஆறு. வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டோம்.

“அத்தா இரண்டு தடவை படித்தார், ஹஜ்ரத்” என்றாள்.