பாலும் பரிவும்

புதுமனை புகுவோர் முதன்முதலில் அடுப்பேற்றுவது பால். பொங்கல் நாளில் பொங்கி வழிவதும் பாலே. மணமக்களுக்கு ஊட்டுவதும் பாலும் பழமுமே. தூய்மைக்கும் வளமைக்கும் தாய்மைக்கும் தமிழர் கண்ட அடையாளம் அது. ஆதலின், உறங்கப் போகும் பிள்ளையின் கையில் ஒரு குவளைப் பாலைத் தரும் தாய், உணவோடு தன் பரிவையும் சேர்த்தே தருகிறாள். ஆயினும், பரிவோடு தரப்படுவதெல்லாம் நன்மையாகிவிடுமா? எளிதாகத் தோன்றும் இவ்வினா, அறத்தின் அடிப்படையைத் தொடும் வினாவாகும்.

இதனை எண்ணிப் பார்ப்பதற்குச் செபராங் ஜெயா ஏற்றதோர் இடம். பினாங்குத் தீவுக்கு எதிரே, பெருநிலத்தில், 1970-களில் எழுந்த புதுநகர் அது. அதனைச் சூழ்ந்த செபராங் பிறை வட்டாரம் 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் நிறைந்த நிலமாக இருந்தது. ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த தமிழர் அக்கரும்புக் காடுகளில் உழைத்தனர். பின்னர்க் கரும்பு மறைந்து ரப்பர் தழைத்தது. தோட்டத்து லயங்களின் பின்புறத்தில் சிலர் பசு வளர்த்தனர். கறந்த பால் அண்டை வீடுகளுக்கும் சென்றது. தான் குடிக்கும் பால் எந்தப் பசுவினது என்பதைக் குழந்தையும் அறிந்திருந்தது. தோட்டத்தை விட்டு நகரத்து வீடுகளுக்குக் குடிபெயர்ந்தோர்க்குப் பசுவும் இல்லை, கொட்டகையும் இல்லை. கடைத்தட்டில் அடுக்கி வைத்த 'டின் பால்' பலருக்குப் பாலாயிற்று.

அமெரிக்கரான கெயில் போர்டன் 1856-இல் பாலைச் சுண்டச் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சுண்டிய பாலில் சீனியை மிகுதியாகச் சேர்த்தால் கிருமிகள் பெருகா. பால் நெடுநாள் கெடாது. குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில் அது பெரும்பயன் விளைத்தது என்பதில் ஐயமில்லை. ஆயின், அத்தகைய இனிப்புப் பாலின் எடையில் ஏறத்தாழப் பாதி சீனியே. இன்று மலேசியக் கடைகளில் விற்கப்படும் தகரங்கள் பலவற்றில் 'இனிப்புக் கிரீமர்' என்றே பொறித்திருக்கும்; பாற்கொழுப்புக்கு மாற்றாக அவற்றில் பாமாயில் சேர்ந்திருக்கும். மக்கள் நாவிலோ அதுவும் பால்தான். தேநீருக்குச் சுவையூட்ட அது போதும். வளரும் பிள்ளைக்கு உணவாகப் போதாது. பொருள் மாறிய பின்னும் பெயர் மாறாது நிற்பதே இடர்.

இப்பெயர் மயக்கம் உயிரையும் குடித்ததுண்டு. குவாஷியோர்க்கர் என்னும் சத்துக்குறை நோயை 1930-களில் மருத்துவ உலகுக்கு விளக்கியவர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர். அவர் சிங்கப்பூரில் பணியாற்றியபோது, இனிப்புக் கட்டிப்பால் ஊட்டப்பட்ட கைக்குழந்தைகள் நலிந்து மடிவதைக் கண்டார். குழந்தைக்கு உகந்ததென அது விளம்பரம் செய்யப்பட்டிருந்தது. 1939-இல் அங்குள்ள ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்னும் பொருள்படும் தலைப்பில் அவர் உரையாற்றினார். தவறான பரப்புரையால் நேரும் குழந்தைச் சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என வாதிட்டார். 42 ஆண்டுகள் கழித்து, 1981-இல், தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை விற்கும் முறைக்கு உலகச் சுகாதார மன்றம் நெறிமுறை வகுத்தது.

அத்தாய்மார் குற்றவாளிகளா? அல்லர். கருத்துத் தூயதாயின் செயலும் தூயதே என்பார் உளர். அவர் கூற்றில் பாதி உண்மை உண்டு. தாயின் மீது பழி இல்லை. எனினும் குழந்தை பிழைக்கவில்லை. பழியின்மை வேறு, நன்மை வேறு. பரிவு நன்மையாகக் கனிய வேண்டுமாயின் அறிவு அதற்குத் துணைநிற்க வேண்டும். மேலும், எவர்க்கு அறியும் வாய்ப்பு மிகுதியோ, அவர்க்கே பொறுப்பும் மிகுதி. எழுத்தறியாத் தாயினும் விற்பவர் பொறுப்புப் பெரிது. ஆளும் அரசின் பொறுப்புப் பெரிது. கற்பிக்கும் ஆசிரியரின் பொறுப்பும் சிறிதன்று.

மலேசியாவில் 1983-இல் பள்ளிப் பால் திட்டம் தொடங்கப்பெற்றது இப்பொறுப்புணர்ச்சியின் ஒரு வெளிப்பாடு எனலாம். 250 மில்லி லிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 8 கிராம் புரதமும் 300 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்தும் உள்ளன. வளரும் உடலுக்கு அது நல்லுணவே. ஆயினும், அது நல்லது என்று அறிவது அறிவின் முதற்படி மட்டுமே. யாருக்கு நல்லது என்று கேட்பதே அடுத்த படி. உலக மக்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர்க்குக் குழந்தைப் பருவம் கடந்தபின் பாற்சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைகிறது. வயிறு பொருமி வருந்தும் பிள்ளையை அதட்டிப் பால் குடிக்க வைப்பது, அப்பிள்ளையை மறந்து பாலைப் போற்றுவதாகும். அத்தகையோர் பலர்க்குத் தயிர் எளிதில் ஒத்துக்கொள்ளும். முள்ளோடு உண்ணும் நெத்திலியும் கேழ்வரகும் முருங்கைக் கீரையும் சுண்ணாம்புச் சத்து உடையனவே. பால் வாங்க இயலாத இல்லத்துப் பிள்ளை தாழ்வு கொள்ளவும் தேவையில்லை.

மாணவர்க்குத் தகரத்தின் மேல் ஒட்டிய சீட்டைப் படிக்கக் கற்பிப்பதும் மொழிப்பாடமே. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவை ஆராய்வதுதானே மொழிக்கல்வி? அக்கல்வி பெற்ற பிள்ளை, பள்ளியில் கற்றதை அடுக்களைக்கும் கொண்டு செல்லும். குவளையில் இருப்பது இன்னதென்று அறிந்து, பிள்ளைக்கு அது ஒத்துக்கொள்ளுமா என்றும் கேட்டுத் தரும் தாயின் பரிவு, அறமாகவும் விளங்கும்.