நாடியில்லா வாழ்வும் கணக்கின் எல்லையும்

உயிர் இருக்கின்றதா, பிரிந்துவிட்டதா என்று அறிய மனிதன் தொன்றுதொட்டுக் கையாண்டு வந்த வழி, மணிக்கட்டைத் தொட்டுப் பார்ப்பதே ஆகும். சித்த மருத்துவர் மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், ஐயம் ஆகியவற்றின் நடையை உணர்வர். 'நாடி பிடித்துப் பார்த்தல்' என்னும் தொடர் மருத்துவத்தையும் கடந்து, பிறர் உள்ளக் கிடக்கையை ஆராய்தல் என்னும் பொருளிலும் வழங்கி வருகின்றது. நாடி நின்றால் உயிர் நின்றது என்பதில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை.

இன்று அவ்வுறுதி தளர்ந்துவிட்டது. இடையறாது சுழலும் இதயப் பம்பு பொருத்தப்பட்டோர் பலருக்கு மணிக்கட்டில் நாடி தென்படுவதில்லை. எனினும் அவர்கள் நடக்கிறார்கள், உண்கிறார்கள், உற்றாரோடு உரையாடுகிறார்கள். 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரிலுள்ள டெக்சாஸ் இதயக் கழகத்தின் மருத்துவர்கள் கோன், பிரேசியர் இருவரும் ஒரு நோயாளியின் இதயத்தையே அகற்றிவிட்டு, சுழலும் பம்புகள் இரண்டை அவ்விடத்தில் பொருத்தினர். மார்பில் துடிப்பு என்பதே இல்லாமல் அவர் சில வாரங்கள் உயிர் வாழ்ந்தார்.

இத்தகைய பம்பு ஒருவருடைய உடலுக்கு ஏற்குமா, எவ்வளவு விரைவாகச் சுழல வேண்டும், அதனால் குருதிச் சுற்றோட்டம் எவ்வாறு மாறும் என்பவற்றை முன்னரே கணித்துரைக்கக் கணிப்பொறி மாதிரிகள் தோன்றியுள்ளன. கணக்கு இவ்வளவு சொல்ல வல்லதாயின், முடிவெடுக்கும் பொறுப்பையும் கணக்கிடமே விட்டுவிடலாமா? சிந்திப்பார்முன் எழும் வினா இதுவே.

கணக்கின் தொடக்கம்

குருதிச் சுற்றோட்டம் பற்றிய அறிவே ஒரு கணக்கினால் வலுப்பெற்றதுதான். ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட நூலில், ஒரு துடிப்பில் வெளிப்படும் குருதியின் அளவைத் துடிப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கிக் காட்டினார். அரைமணி நேரத்தில் வெளியேறும் குருதி, உடல் முழுவதிலும் உள்ள குருதியைவிட மிகுதியாக இருந்தது. அவ்வளவு குருதியை உண்ட உணவிலிருந்து ஓயாமல் ஆக்க இயலாது. ஆதலின் அதே குருதி மீண்டும் மீண்டும் சுற்றி வருகின்றது என்று அவர் தெளிந்தார்.

1899இல் ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ பிராங்க், பெருந்தமனியைத் தீயணைப்புப் பொறியின் காற்றறைக்கு ஒப்பிட்டுச் சமன்பாடு அமைத்தார். இதயம் சுருங்கும்போது தமனி விரிந்து குருதியை ஏற்கும். இதயம் ஓய்ந்திருக்கும்போது தமனி சுருங்கி அதனை முன்னே செலுத்தும். 1972இல் ஆர்தர் கைட்டனும் அவருடைய துணைவரும் சுற்றோட்டம் முழுமைக்குமான பெருமாதிரி ஒன்றை வெளியிட்டனர். இதயம், சிறுநீரகம், நரம்பு, சுரப்புநீர் ஆகியவற்றின் பணிகள் முந்நூற்றுக்கும் மேற்பட்ட கணிதக் கட்டங்களாக அதில் இணைக்கப்பட்டிருந்தன.

மாதிரி காட்டுவன

இன்றைய மாதிரிகளில் சிறு குழாய்கள் தடைகளாகவும், நெகிழும் தமனிகள் தேக்கங்களாகவும், இதய அறைகள் நேரத்திற்கேற்ப விறைப்பு மாறும் பைகளாகவும் குறிக்கப்படுகின்றன. பம்பின் சுழற்சி வேகம், அழுத்தம், பாய்வு ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்பு அவற்றோடு சேர்க்கப்படுகின்றது. வேகத்தைக் கூட்டினால் என்ன நிகழும் என்று கேட்டால் கணிப்பொறி விடை கூறும்.

அவ்விடை எளியதன்று. வேகம் கூடினால் இடக் கீழறையின் சுமை குறையும். உடலுக்குச் செல்லும் குருதி பெருகும். நுரையீரலில் தேங்கிய நீர் வடியும். இவை நன்மைகள். ஆனால் உடலுக்குச் சென்ற குருதி அனைத்தும் இதயத்தின் வலப்பக்கத்திற்கே திரும்பி வரும். வலக் கீழறை நலிந்திருந்தால் அப்பெருக்கைத் தாங்காது. இடப்பக்கம் மிகுதியாக வற்றினால் நடுச்சுவர் இடம் சாயும். பம்பின் வாய் சுவரையே உறிஞ்சவும் கூடும். குருதி பம்பின் வழியே செல்வதால் பெருந்தமனி வால்வு திறவாமலே கிடந்து, நாளடைவில் கசியத் தொடங்கலாம். ஒரு பக்கத்திற்குச் செய்யும் உதவி மறுபக்கத்திற்குச் சுமையாகும் உண்மையை மாதிரி தெளிவாக உணர்த்துகின்றது.

இதில் ஓர் அறப்பயனும் உண்டு. மாதிரியில் ஆயிரம் முறை பிழை செய்தாலும் எவருக்கும் தீங்கில்லை. அப்பிழைகளை மனிதர்மீதோ விலங்குகள்மீதோ செய்து கற்பதைக் காட்டிலும் இது மேலானது. 'உயிரைக் கணக்கில் அடக்கலாமா?' என்று கூறி இவ்வறிவை ஒதுக்குவோர், தவிர்க்கக்கூடிய துன்பத்தைத் தவிர்க்க மறுப்பவர் ஆவர்.

மாதிரி காட்டாதன

எனினும், கேட்ட வினாவிற்கே மாதிரி விடை கூறும். கேளாத வினாவிற்குக் கூறாது. சுழலும் பம்புகள் பொருத்தப்பட்டோர் பலருக்குக் குடலில் குருதிக் கசிவு ஏற்பட்டது. விரைந்து சுழலும் பம்பினுள் ஏற்படும் உராய்வு விசை, குருதி உறைவதற்குத் துணைபுரியும் 'வான் வில்லபிராண்ட்' என்னும் புரதத்தைச் சிதைப்பது அதற்கு ஒரு காரணம் எனக் கண்டறியப்பட்டது. பாய்வையும் அழுத்தத்தையும் மட்டும் கொண்ட சமன்பாடுகளில் அப்புரதத்திற்கு இடமில்லை. சமன்பாட்டில் பிழையில்லை, அதனை அமைத்தோர் எதைச் சேர்த்தனர், எதை விடுத்தனர் என்பதே வினா.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எளிய குழாய் வடிவம் ஒன்றை ஆய்வுக் குழுக்கள் பலவற்றிடம் கொடுத்து, அதனுள் நீர்மம் எவ்வாறு பாயும் என்று கணிக்கச் செய்தது. குழுக்களின் விடைகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டன. ஆய்வகத்தில் அளந்த அளவுகளோடும் பல பொருந்தவில்லை. 2018இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் இத்துறைக்கு ஒரு நெறியை வகுத்தது. மாதிரியின் விடை தவறானால் நோயாளிக்கு எவ்வளவு கேடு விளையுமோ, அவ்வளவுக்கு அம்மாதிரி சோதிக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். இது பொறியியல் நெறி மட்டுமன்று, அறநெறியும் ஆகும்.

முடிவு யாருடையது?

மாற்று இதயம் பெற இயலாத கடும் நோயாளிகளிடையே நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவு 2001இல் வெளியாயிற்று. ஓராண்டு கடந்தபின் பம்பு பொருத்தப்பட்டோருள் 52 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர்; மருந்து மட்டும் பெற்றோருள் 25 விழுக்காட்டினரே இருந்தனர். பம்பின் பயனை இவ்வெண்கள் ஐயமற நாட்டுகின்றன. ஆயினும் அவை பலரைப் பற்றியவை. படுக்கையில் இருப்பவரோ ஒருவர். வயிற்றுத் தோலைத் துளைத்து வெளிவரும் கம்பி, உடன் சுமக்கும் மின்கலங்கள், இடைவிடாத மருந்து ஆகியவற்றோடு வாழ அவர் விரும்புகின்றாரா என்பதை எச்சமன்பாடும் கூறாது. மூளை செயலிழந்தபின்னும் பம்பு சுழன்றுகொண்டே இருக்கும். அதனை எப்போது நிறுத்துவது என்பதையும் அது கூறாது.

1982 டிசம்பரில் நிலையான செயற்கை இதயத்தை முதன்முதலில் ஏற்றவர் பார்னி கிளார்க் என்னும் பல் மருத்துவர். அவ்விதயத்தை இயக்கிய காற்றழுத்தப் பொறியை நிறுத்தும் திறவுகோல் அவரிடமே கொடுக்கப்பட்டிருந்தது. அவர் அதனைப் பயன்படுத்தவில்லை. 112 நாள் வாழ்ந்து மறைந்தார். அத்திறவுகோலை அளித்தவர்கள் ஒன்றை உணர்ந்திருந்தனர்: பொறியை ஆக்கும் அறிவு அறிஞருடையது, அதனோடு வாழ்வதா என்னும் முடிவு நோயாளியுடையது.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து', நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்காகப் பகுக்கின்றது. கணிப்பொறி மாதிரியும் இதயப் பம்பும் இவற்றுள் மூன்றாவதாகிய மருந்தின்பாற்பட்டவை. மருந்து எத்துணைச் சிறந்ததாயினும் ஏனைய மூவரின் இடத்தை அது கொள்ள இயலாது. கணக்கு நுட்பமாகுந்தோறும் அதனைக் கையாள்வோரின் பொறுப்புப் பெருகுமேயன்றிக் குறையாது. முன்னர் அறியாமையால் நேர்ந்த தீங்கு, இனி அறிந்தும் கருதாமையால் நேர்ந்த தீங்காகிவிடும்.

மாணவனின் மதிப்பெண்ணைப் பார்த்து அவன் வாழ்வை முடிவுசெய்யாத ஆசிரியர், மதிப்பெண்ணைப் பாராமலும் இருப்பதில்லை. எண்ணையும் பார்த்து ஆளையும் பார்ப்பதே அவர் கடமை. மருத்துவர்க்கும் அஃதே. மணிக்கட்டில் நாடி தென்படாதவரிடமும், அவர் உள்ளத்தின் நாடியைப் பிடித்துப் பார்க்கும் கடமை எஞ்சியே நிற்கின்றது.