கோட்டையும் காவலும்

பம்மலில் மஃரிபுத் தொழுகைக்குப் பின் என்னிடம் பாடங்கேட்க வரும் சிறுவன் ஒருவன், 'ஹிஸ்ன்' என்னும் அரபுச் சொல்லுக்குப் பொருள் கேட்டான். கோட்டை என்றேன். "கோட்டை யாரைக் காக்கும், ஹஸ்ரத்?" என்று மீண்டும் வினவினான். "உள்ளே இருப்பவரை" என்றேன். அவன் மனநிறைவோடு சென்றுவிட்டான். எனக்கோ அவ்விடை நிறைவளிக்கவில்லை. யாழ்ப்பாணக் கோட்டை நினைவில் எழுந்து நின்றது.

யாழ்ப்பாண அரசை 1619இல் வென்ற பறங்கியர் கடலோரத்தில் எழுப்பிய கோட்டை அது. 1658இல் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், பின்னர் பவளப்பாறைக் கற்களால் ஐங்கோண வடிவில் விரித்துக் கட்டினர். 1795இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. மதில் எவருக்கும் நன்றியுடையதன்று; திறவுகோல் யார் கையிலோ, அவருக்கே அது ஊழியம் செய்யும்.

இலங்கையின் உள்நாட்டுப் போர் 1990 ஜூன் மாதத்தில் மீண்டும் மூண்டபோது, கோட்டைக்குள் இருந்த அரசுப் படையினரை விடுதலைப் புலிகள் முற்றுகையிட்டனர். உள்ளிருந்து பாய்ந்த குண்டுகள் அருகிலிருந்த தமிழர் இல்லங்களைச் சிதைத்தன. வெளியிலிருந்து பாய்ந்தவை மதிலைத் தகர்த்தன. உள்ளே இருந்த பழைய ஒல்லாந்தர் தேவாலயமும் அப்போரில் அழிந்தது. செப்டம்பர் 26இல் படையினர் வெளியேறினர். கோட்டை புலிகள் வசமாயிற்று. குண்டுமழையில் நடுங்கிய மக்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டதில் வியப்பில்லை.

ஆனால் ஐந்து வாரங்களுக்குள் நிகழ்ந்தது யாது? அக்டோபர் 30ஆம் நாள், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்தில் திரட்டப்பட்டு, இரண்டே மணி நேரத்தில் ஊரைவிட்டு நீங்குமாறு பணிக்கப்பட்டனர். தலைமுறை தலைமுறையாகத் தமிழையே தாய்மொழியாய்ப் பேசி வாழ்ந்தவர்கள் வீட்டையும் கடையையும் நகையையும் விட்டுவிட்டு வெறுங்கையராய்ப் புறப்பட்டனர். வடமாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் ஒதுங்கினர். 2002இல் அவ்வியக்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவிக்கப்பட்டது. இழந்த ஆண்டுகளை அவ்வருத்தம் மீட்டுத் தரவில்லை.

கிழக்கு மாகாணத்து மோதல்களும் ஒற்றர் பற்றிய ஐயமும் இதற்குக் காரணமாகக் கூறப்பட்டன. ஒருவன் செய்த குற்றத்தைத் தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் மீது சுமத்த எந்த நீதி இடந்தரும்? இதைக் கேட்கும் நாம், நம்மையும் கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். அதே ஆண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டதை நாம் மறப்பதில்லை. அக்காலத்திலேயே கிழக்கில் முஸ்லிம் ஊர்க்காவலர் சிலரின் கைகளில் அப்பாவித் தமிழர் மாண்டதையும் அதே குரலில் சொல்லும் துணிவு நமக்கு உண்டா? நம்மவர் கண்ணீருக்கு மட்டுமே உருகும் நெஞ்சம் நீதியை அறிந்ததாகாது.

அநீதிக்கு ஆளானவன் என்பதனாலேயே ஒருவன் நீதிமான் ஆகிவிடுவதில்லை. அவனுடைய சோதனை, மதிலுக்கு வெளியே நடுங்கிய நாளில் முடிவதில்லை. திறவுகோல் கைக்கு வந்த நாளில்தான் தொடங்குகிறது. பகைவனை அஞ்சி எழுப்பப்படுவது கோட்டை. ஆனால் வென்றவனிடமிருந்து எளியவனைக் காப்பது, வென்றவன் நெஞ்சில் உள்ள தடையன்றி வேறில்லை.

போர் 2009இல் ஓய்ந்தது. நெதர்லாந்தின் உதவியோடு மதில்கள் செப்பனிடப்பட்டன. கற்களை மீண்டும் அடுக்கிவிடலாம். பெயர்த்தெறியப்பட்ட அண்டை வீட்டாரின் நம்பிக்கையை அடுக்குவது அத்துணை எளிதன்று.

மறுநாள் அச்சிறுவனுக்கு என் விடையைத் திருத்திச் சொன்னேன். 'ஹிஸ்ன்' பிறந்த அதே வேரிலிருந்துதான் 'முஹ்ஸன்' என்னும் சொல்லும் பிறந்தது. அது ஒழுக்கத்தால் தன்னைக் காத்துக்கொண்டவனைக் குறிக்கும். "கல்லால் ஆன கோட்டை பிறரிடமிருந்து உன்னைக் காக்கும். ஒழுக்கமாகிய கோட்டையோ, உன்னிடமிருந்து பிறரைக் காக்கும். முதலில் இரண்டாவதைக் கட்டு" என்றேன்.