காளிங்கன் மடுவும் பதரியின் வனமும்

எம்பெருமான் வராஹ ரூபியாய் நீரில் ஆழ்ந்த பூமிப்பிராட்டியை மேலே எடுத்து நிறுத்தியதை உத்ஸவத்திற்கு வரும் அடியார் அனைவரும் அறிவர். அதே பிராட்டிக்குப் பின்னொரு சமயம் யமுனைக் கரையில் நேர்ந்த துன்பத்தை அவன் நீக்கியபோது அத்தனை பெரிய திருமேனி கொண்டிலன். கன்று மேய்க்கும் சிறுபிள்ளையாய் நின்றே நீக்கினான். காளிங்க நர்த்தனத் திருக்கோலத்தில் அவனை ஸேவிப்பவர்களுடைய கண் செல்வது தூக்கிய திருவடியின் மேலும், திருக்கரத்தில் பிடித்த வாலின் மேலுமே. அது இயல்புதான். ஆயினும் அந்த மடுவின் நீர் எந்த நிலையில் இருந்தது என்று ஸ்ரீசுகர் ஸ்ரீமத் பாகவதத்தின் தசம ஸ்கந்தத்தில் வர்ணிக்குமிடத்தில் இக்காலத்தவர் சற்று நின்று போவது நல்லது.

மடு விஷாக்னியால் கொதித்துக்கொண்டிருந்ததாம். அதன் மேலே பறந்த பட்சிகள் உயிரற்று நீரில் விழுந்தனவாம். அலையைத் தொட்டு வந்த காற்றுப்பட்டுக் கரையிலிருந்த பிராணிகளும் மாண்டனவாம். கோடை வெயிலில் தாகமெடுத்த பசுக்களும் ஆயச் சிறுவரும் அந்நீரைப் பருகிக் கரையிலேயே விழுந்து கிடந்தனர். கண்ணன் தன் அமுத நோக்கால் அவர்களை எழுப்பினான். அத்துடன் நின்றிருந்தால் அன்றைய துன்பம் மட்டும் தீர்ந்திருக்கும்; நாளை வேறு பசு வந்து பருகும். ஆகவே அவன் அரைக்கச்சையை இறுகக் கட்டிக்கொண்டு, கடம்ப மரத்தின் மேலேறி, மடுவிலே குதித்தான்.

அன்று பலராமன் உடன் வந்திலன் என்பதைச் சுகர் குறிப்பிட மறக்கவில்லை. மூத்தவர் எவரும் அருகில்லாத வேளையில் ஒரு பாலன் செய்த காரியம் அது. செய்தி கேட்டு ஓடி வந்த நந்தகோபர் முதலானோர் துயரம் தாங்காமல் தாமும் மடுவில் இறங்கப் புகுந்தனர். தம்பியின் பிரபாவத்தை அறிந்த பலராமன் அவர்களைத் தடுத்து நிறுத்தினான். சிறியவன் துணிந்து இறங்கியதைப் போலவே, இன்னது செய்கிறான் என்று அறிந்த மூத்தவன் குறுக்கே நில்லாமையும் அக்கட்டத்தில் உண்டு.

காளியன் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. அவன் கருடனுக்கு அஞ்சி, கருடன் வரக்கூடாத இடம் என்று தெரிந்து, அம்மடுவில் குடிபுகுந்தவன். விஷம் தன் பிறவிக் குணம், அதைத் தந்தவனும் நீயே என்று அவன் பகவானிடத்திலேயே வாதிட்டான். நதியைக் கெடுக்கும் ஆலைக்காரரும், மலையைக் குடையும் காண்டிராக்டரும் இன்று பிழைப்பைக் காட்டிப் பேசுவது ஏறக்குறைய இந்த வாதந்தான். பகவான் அவ்வாதத்திற்கு மறுமொழி கூறவில்லை. காளியனைக் கொல்லவும் இல்லை. இந்நீர் பசுக்களுக்கும் மனிதர்களுக்கும் உரியது, நீ உன் குடும்பத்தோடு கடலுக்குப் போ என்று இடத்தைக் காட்டி அனுப்பினான். கருட பயமும் தீர்ந்தது, நதியும் தெளிந்தது.

இனி அவதார காலத்தை விட்டு இக்காலத்திற்கு வரலாம். வடநாட்டுத் திவ்யதேசங்களில் பதரிகாசிரமத்திற்கு ஒரு தனிச் சிறப்புண்டு. அங்கே நாராயணன் தவமிருந்தபோது, பனியும் வெயிலும் அவன் திருமேனியில் படாதபடி பெரிய பிராட்டியார் தாமே ஒரு பதரி மரமாக, அதாவது இலந்தை மரமாக, நின்று நிழல் செய்தார் என்பது தல வரலாறு. பதரிக்குக் கீழேயுள்ள ஜோஷிமட்டைத் திருப்பிரிதி என்று பெரியோர் அநுஸந்திப்பர். அதற்கு அப்பால், தௌலி கங்கையுடன் ரிஷி கங்கை கூடுமிடத்தருகில் ரேணி என்றொரு சிற்றூர் உள்ளது.

1970-ல் அலகநந்தையில் பெருவெள்ளம் வந்து பாலங்களையும் வயல்களையும் வாரிக்கொண்டு போயிற்று. மலைச்சரிவில் மரம் இல்லாவிட்டால் மண் நிற்காது, மண் நில்லாவிட்டால் மழைநீர் முழுவதும் ஒரே மூச்சில் ஆற்றில் இறங்கும் என்பதை அம்மலைவாசிகள் அனுபவத்தாலேயே கற்றுக்கொண்டனர். அதன் பிறகும் ரேணி வனத்தில் ஏறத்தாழ 2,500 மரங்கள் வெட்டுவதற்கு ஏலம் விடப்பட்டன. 1974 மார்ச் 26-ஆம் நாள், நில நஷ்டஈடு வாங்குவதற்காக ஊர் ஆடவர் எல்லாரும் சமோலிக்குச் சென்றிருந்தனர். அந்நாள் பார்த்துக் கோடரியுடன் ஆட்கள் வந்தனர். அவர்கள் வனத்தை நோக்கிப் போவதை முதலில் கண்டது ஒரு சிறுமி. அவள் ஓடிச் சென்று, ஊர் மாதர் சங்கத் தலைவியான கௌரா தேவியிடம் சொன்னாள்.

கௌரா தேவி பள்ளியில் பயின்றவர் அல்லர். அடுப்பு வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்த இருபத்தேழு பேர் அவரோடு புறப்பட்டனர். சிறுமியரும் அவர்களில் இருந்தனர். வந்தவர்களில் ஒருவன் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினான். இவ்வனம் எங்கள் பிறந்தகம் என்று கூறி அப்பெண்கள் வழியை மறித்து நின்றனர். பெண்ணொருத்திக்குப் பிறந்தகம் என்ற சொல்லில் எத்தனை அடங்கியிருக்கிறது என்பதை விளக்க வேண்டுவதில்லை. இரவு முழுதும் காவலிருந்தார்கள். வந்தவர்கள் திரும்பிப் போயினர். மரத்தைக் கட்டித் தழுவியேனும் காப்போம் என்று அதற்கு முன்னாண்டிலேயே அப்பகுதியில் தொடங்கிய சிப்கோ இயக்கம் இதன் பின்னர் உலகெங்கும் அறியப்பட்டது. அரசு நியமித்த குழு ஆராய்ந்து கூறியதன் பேரில், அலகநந்தையின் மேல் நீர்ப்பிடிப்பில் 10 ஆண்டுகளுக்கு மரம் வெட்டுவது தடுக்கப்பட்டது. கௌரா தேவியின் பெயரைப் பலரும் சொல்லுகின்றனர். ஓடி வந்து சொன்ன சிறுமியைப் பேசுவார் அதிகமில்லை. அவள் வாய் மூடியிருந்தால் ஆடவர் திரும்பி வரும்போது அடிமரங்களே எஞ்சியிருந்திருக்கும்.

காத்த ஊருக்குப் பின்னர் துன்பமே வரவில்லை என்று கதையை முடிக்க இயலாது. 2021 பிப்ரவரி 7-ஆம் நாள் மலையுச்சியிலிருந்து பாறையும் பனியுமாக ஏறத்தாழ 2.7 கோடி கன மீட்டர் சரிந்து ரிஷி கங்கையில் இறங்க, அதே ரேணிக்கு அருகே இருந்த மின்நிலையம் அடியோடு அழிந்தது. கீழே தபோவனத்தில் சுரங்கத்துள் வேலை செய்தவர்களும் அகப்பட்டனர். மாண்டவரும் காணாமற்போனவருமாக இருநூற்றுவருக்கு மேல். 2023 ஜனவரியில் திருப்பிரிதியாகிய ஜோஷிமட்டிலேயே நிலம் அமிழ்ந்து, வீடுகளில் பிளவு கண்டு, குடிகள் வெளியேற நேர்ந்தது. பதரி யாத்திரை செய்வோர் கடந்து செல்லும் பாதை இது.

கங்கை மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கும் வாயில் ஹரித்வாரம். திரிவிக்கிரமன் திருவடியில் தோன்றிய தீர்த்தம் அது என்பது வைஷ்ணவர்க்குப் புதிதன்று. அவ்வூரைச் சேர்ந்த ரித்திமா பாண்டே என்ற பெண், 2013-ல் கேதாரத்தில் நேர்ந்த பெருவெள்ளத்தின் கோரத்தைச் சிறுவயதிலேயே அறிந்தவள். 2017-ல், தன் ஒன்பதாம் வயதில், பருவநிலை மாறுவதைத் தடுக்க அரசு போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் முறையிட்டாள். 2019-ல் அம்மனு தள்ளுபடியாயிற்று. அவள் ஓயவில்லை. அவ்வாண்டிலேயே 12 நாடுகளைச் சேர்ந்த 16 பாலருள் ஒருத்தியாக, ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமைக் குழுவின் முன் சென்றாள். முதலில் அந்தந்த நாட்டு நீதிமன்றங்களை நாடியிருக்க வேண்டும் என்று 2021-ல் அக்குழு முறையீட்டை ஏற்க மறுத்தது. ஆயினும், ஒரு நாடு எழுப்பும் புகை எல்லைக்கு அப்பாலுள்ள குழந்தைகளுக்குத் தீங்கு செய்தால் அதற்கும் அந்நாடு பொறுப்பாகக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டது. இருமுறை கதவு அடைபட்டும் இவ்வளவு திறந்தது சிறிதன்று.

படிக்க வேண்டிய வயதில் மரம், ஆறு என்று பிள்ளைகள் கிளம்புவது தகுமா என்று கேட்கும் பெரியோர் உண்டு. அக்கேள்வியில் அன்பும் கலந்திருக்கிறது. யசோதையும் அன்பினால்தான் கரையில் நின்று கதறினாள். ஆனால் துருவன் வனம் சென்றது ஐந்து வயதில். பிரஹ்லாதன் தந்தையை மறுத்துப் பேசியது குருகுலப் பருவத்தில். உலகமெல்லாம் மழை பெற்று வாழ வேண்டும் என்று நோன்பு நோற்ற கோதை நாச்சியாரும் இளம் பெண்ணே. அவர்கள் எவரும் வயது நிரம்பட்டும் என்று காத்திருக்கவில்லை. மேலும், மூத்தவர்கள் கழித்து விட்டுப் போகும் நீரில் நெடுங்காலம் வாழப் போகிறவர்கள் இளையவர்களே.

இதைத் தூர தேசத்து விஷயமாக எண்ணவும் வேண்டா. தீர்த்தவாரி முடிந்த மறுநாள் தமிழ்நாட்டுத் திருக்குளம் ஒன்றின் படித்துறையைப் பார்த்தவர்க்குத் தெரியும்: பிளாஸ்டிக் பைகள், சோப்பு உறைகள், கழற்றி எறிந்த பழந்துணி, எண்ணெய்ப் புட்டிகள். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் முழங்கால் சேற்றில் இறங்கி இவற்றை வாரிக் கரையேற்றுவதைப் பல ஊர்களில் காணலாம். அவர்கள் வாரிக்கொண்டிருக்கும்போதே மேற்படியில் நின்று கற்பூரப் பொட்டலத்தின் காகிதத்தைத் தண்ணீரில் விடுகிற பக்தரையும் காணலாம். அவர் சங்கல்பம் செய்துகொண்டு ஸ்நானம் பண்ணுகிறவர். தீர்த்தத்தின் பெருமையை மணிக்கணக்கில் பேசவும் வல்லவர். ஒரு பையன் மேலே வந்து, மாமா, அதை இப்படிக் கொடுங்கள் என்று கை நீட்டினால், அவனைக் கோபிக்காமல் கொடுத்துவிடுவது பலராமன் காட்டிய வழி.

பதரியிலும் ஒரு பெரியவர் அவ்வழியில் நடந்தார். அத்திவ்யதேசத்தில் மூலவரைத் திருவாராதனம் செய்யும் ராவல், மலையாள நாட்டு நம்பூதிரி மரபினர். யாத்திரிகர் கூட்டத்தாலும் விறகுக்கு வெட்டியதாலும் பழைய பதரி வனம் அழிந்து, கோயிலைச் சுற்றிய சரிவுகள் மொட்டையாகிவிட்டன. 1993-ல் கோவிந்த வல்லப பந்த் பெயரால் அமைந்த இமயமலை ஆராய்ச்சி நிலையத்தினர் ஏறத்தாழ 20,000 மரக்கன்றுகளைக் கொண்டுவந்தனர். ராவல் அவற்றை எம்பெருமான் ஸந்நிதியில் ஆசீர்வதித்து, வந்திருந்த யாத்திரிகர்களுக்குப் பிரஸாதமாக வழங்கினார். 3,000 மீட்டருக்கு மேற்பட்ட அந்தப் பனிமலையில் ஒரு கன்று பிழைப்பது எளிதன்று. கையேந்தி வாங்கியவர்கள், பிராட்டியார் மரமாக நின்ற அந்த மண்ணிலேயே குழி தோண்டி அவற்றை நட்டார்கள்.