சரிவின் மூன்று சகோதரிகள்

'அக்ளிவிட்டி' என்றால் மேல்நோக்கி ஏறும் சரிவு. ஆங்கிலத்தில் இன்று அதிகம் புழங்காத சொல். எனக்கோ அதன் வேர் மிகவும் பிடிக்கும். லத்தீனில் 'கிளீவுஸ்' என்பது சரிவு. ரோமில் கேபிடோலைன் குன்றுக்கு ஏறும் பழைய பாதையின் பெயர் கிளீவுஸ் கேபிடோலினுஸ். போரில் வென்று திரும்பிய தளபதிகளின் ஊர்வலம் அந்த மேட்டில் ஏறித்தான் ஜூபிடர் கோயிலை அடைந்தது.

அதே வேரில் இறக்கத்துக்கு 'டிக்ளிவிட்டி' பிறந்தது. இன்னொரு சகோதரியும் உண்டு: 'ப்ரோக்ளிவிட்டி'. முன்னோக்கிச் சரிந்திருப்பது என்பது மூலப்பொருள். இன்று அது மனம் தானாக உருண்டு போகும் நாட்டத்தைக் குறிக்கிறது, பெரும்பாலும் நல்லதல்லாத நாட்டத்தை. இறங்கும் சரிவு மனத்துக்குள் குடிபுகுந்துவிட்டது. ஏறும் சரிவோ மலையிலேயே நின்றுவிட்டது! பாடுபட்டு ஏறுவதைச் சொல்ல ஆங்கிலம் வேறொரு லத்தீன் சொல்லிடம் போனது. செங்குத்து என்று பொருள்பட்ட அந்தச் சொல்லிலிருந்து வந்த 'ஆர்டுவஸ்' இன்று கடினமானது என்றே பொருள் தருகிறது.

நம் 'ஏற்றம்' அப்படிப் பிரியவில்லை. சாலை மேடும் ஏற்றம், வாழ்வின் உயர்வும் ஏற்றம், கிணற்றில் நீர் இறைத்த துலாவும் ஏற்றம்.