துடைப்பம் ஏந்தும் கைங்கரியம்

எம்பெருமானுக்குப் பூத்தொடுப்பதும், திருவிளக்கு ஏற்றுவதும், திருவீதி பெருக்குவதும் கைங்கரியமே என்பர் பெரியோர். ஆயினும் பூக்கூடையைத் தாங்க நீளும் கைகள் எத்தனை, துடைப்பத்தை வாங்க நீளும் கைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், நாம் அம்மூன்றையும் ஒன்றாகக் கருதவில்லை என்பது விளங்கும். கூலி பெற்றுப் பெருக்குவோர் இருக்கையில் நாம் ஏன் பெருக்க வேண்டும் என்னும் வினா பலருள்ளத்தில் உண்டு. அஃது எளிதில் ஒதுக்கத்தக்க வினாவன்று.

இராமாநுசர் நியமனப்படி திருமலை சென்று நந்தவனம் அமைத்த அனந்தாழ்வானின் வரலாறு சேவார்த்திகள் அறிந்ததே. ஏரிக்கென அவர் மண் வெட்ட, கருவுற்றிருந்த தேவியார் சுமந்தார். இரக்கங்கொண்டு கூடையைத் தாங்க வந்த சிறுவன் மீது அனந்தாழ்வான் கடப்பாரையை வீசினார். வந்தவன் வேங்கடவனே என்பது பின்னரே தெரிந்தது. அக்கடப்பாரையைத் திருமலை மகாத்துவாரத்தில் இன்றும் காணலாம். எறிந்தது முறையா, கருவுற்றவளை மண் சுமக்க வைத்தது முறையா என்று கேட்பாரும் உளர், கேட்கட்டும். தம் தொண்டில் ஒரு கூடை மண்ணையும் பிறர்க்கு விட்டுக்கொடுக்க மனம் வராத ஒரு நிலை உண்டென்பதே இங்கு நாம் கொள்ளத்தக்கது. நாமோ உண்ட இலையைக்கூட எவரேனும் எடுப்பார் என்று விட்டுவிட்டு அடுத்த மண்டபம் செல்கிறோம்.

1901-இல் கல்கத்தாவில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது கழிப்பிடங்கள் நாறிக்கிடந்தன. காந்தியடிகள் அதைத் தொண்டர்களிடம் சுட்டிக்காட்ட, அது தங்கள் வேலையன்று, துப்புரவு செய்வோர் வேலை என்றனர். அவர் ஒரு துடைப்பத்தைத் தேடிப்பெற்றுத் தமக்கு வேண்டிய இடத்தை மட்டும் தூய்மை செய்தார். எல்லாவற்றையும் தூய்மை செய்வது தம்மால் ஆகாததாயிருந்தது என்று சுயசரிதையில் ஒளியாமல் எழுதுகிறார். 1915-இல் அரித்துவாரக் கும்பமேளாவிலோ, யாத்திரிகர்களின் மலத்தை மண்ணிட்டு மூடி அகற்றும் பணியை அவருடைய பீனிக்ஸ் குழுவினர் தாமே கேட்டுப் பெற்றனர். அடிகள் கூடாரத்தில் அமர்ந்து வந்தோர்க்கெல்லாம் தரிசனம் தரும்படி நேர்ந்தது. பணியை நடத்தியவர் மகன்லால் காந்தி. தரிசனம் பெற்றுத் திரும்பியோரில் எத்தனை பேர் மகன்லாலின் பெயரைக் கேட்டிருப்பர்?

இங்கேதான் மேற்கூறிய வினாவுக்கு விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தொண்டர் பெருக்குவது கூலிக்காரரின் கூலியைக் குறைப்பதற்கன்று, அவர் முதுகின் சுமையைக் குறைப்பதற்கே. ஆண்டில் ஒருநாள் துடைப்பமேந்தி நிழற்படம் எடுத்துக்கொள்வோருக்குப் பொன்னாடை. 365 நாளும் ஏந்துவோருக்குக் கையுறைகூட இல்லை. இந்த நிலையை வைத்துக்கொண்டு தூய்மைப் பணியைத் தெய்வப்பணி என்று புகழ்வது, அவரை ஏமாற்றும் சொல்லாகவே முடியும். அவர்க்குரிய ஊதியமும் மதிப்பும் முதலில். நம் தொண்டு அதன்பின்.

குப்பை பெருக்கினால் போய்விடும். சுவரில் கிறுக்கியது அவ்வாறு போவதில்லை. செட்டிநாட்டார்க்குச் சுவரின் அருமையைச் சொல்ல வேண்டுவதில்லை. சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சேர்த்துப் பூசிக் கண்ணாடிபோல் மெருகேற்றிய சுவரில் கரிக்கோடு ஒன்று விழுந்தால் வீட்டில் பூசலே மூளும். அவ்வீட்டுப் பிள்ளை கோயில் தூணில் ஆணியால் தன் பெயரைக் கீறினால் கேட்பாரில்லை. நடுவணரசின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களைச் சிதைப்போர்க்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டம், 2010-இல் செய்யப்பட்ட திருத்தப்படி, ஈராண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கின்றது. சட்டம் கிடக்கட்டும், 'அடியேன்' என்று சொல்லிய வாயோடு எம்பெருமானின் தூணில் 'நான்' என்று எழுதுவது எவ்வாறு பொருந்தும்? குழல்விளக்கின் ஒளியை மறைக்குமளவு உபயதாரர் பெயரைத் தீட்டுவதும் இதற்கு உறவே. (இம்மலரின் விளம்பரப் பக்கங்களைப் பற்றி யான் ஒன்றும் கூறவில்லை.)

கிறுக்கலை அழிக்கப் புறப்படும் இளைஞர்களும் சற்றே நிதானிக்க வேண்டும். உளியாலோ இரும்புத் தூரிகையாலோ சுரண்டினால், கிறுக்கலோடு அருகிலுள்ள கல்வெட்டும் தேயும். மணலை விசையுடன் பீய்ச்சிக் கல்லைத் துலக்கியதால் பழைய எழுத்துகள் மழுங்கியதுண்டு. நீர், மெல்லிய தூரிகை, பொறுமை ஆகியவற்றால் ஆகாததைத் தொல்லியல் அறிந்தோரிடம் விட்டுவிடுவதே நன்று.

மாசித் தெப்பத்தன்று திருக்கோட்டியூர்த் திருக்குளத்தைச் சுற்றி அகல்கள் எரியும் காட்சியைக் கண்டோர் மறவார். வேண்டுதல் உடையோர் அங்கிருந்து ஓர் அகலை இல்லத்துக்கு எடுத்துச் சென்று வழிபட்டு, எண்ணியது கைகூடியபின் மீண்டும் வந்து விளக்கேற்றுவர். அகலோடு வந்த எண்ணெய்ப் புட்டியும், திரி சுற்றிய தாளும், கர்ப்பூர உறையும் மட்டும் படிகளிலேயே தங்கிவிடுகின்றன. அவற்றை மறுநாள் பொறுக்க வருவோர் எவரிடமும் வேண்டுதல் என்னவென்று நாம் கேட்டதில்லை.